வலம்புரி நட்டு

இன்றைக்கும் யாராவது "நட்டு" என்று சொன்னால் எனக்கு மூக்கு சிவந்துவிடும். பொதுவாகவே நான் கோபக்காரன்தான். பஸ் பிந்தினால் கோபம், தேத்தண்ணியில் சீனி குறைந்தால் கோபம், "கோபப்படாதீங்க" என்று சொல்கிறவர்கள் மேல் இன்னும் கோபம். ஆனால் இந்த நட்டுக் கோபம் தனி ரகம். அதில் பாதி ஒரு கடைக்காரர் மேல், பாதி ஒரு டிரைவர் மேல், பாதி இரண்டு அரசாங்கங்கள் மேல் (கணக்கு இடிக்கிறது, தெரியும்). மிச்சமெல்லாம் என் மேல்.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். தோட்டத்தில் ஒரு பழைய ஆர்மி ஜீப் இருந்தது. உலக யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்டதை அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஏலத்தில் எடுத்தாராம். துரை போனார், தோட்டம் அரசாங்கத்திடம் போனது, ஜீப் மட்டும் போகவில்லை. போக வேண்டிய நேரத்திலும் அது போகாது. அதற்கு பார்ட்ஸ் வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடைகளில் ராணுவம் கழித்த சாமான்களைக் கிளறித்தான் எடுக்க வேண்டும். அந்தத் துருக் குவியலுக்குள் எது ஜீப்பினுடையது, எது லொறியினுடையது, எது யார் வீட்டுத் தண்ணி மோட்டாரினுடையது என்று கண்டுபிடிக்கிறவன் பெரிய ஆள். அந்தப் பெரிய ஆள் நான்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

எனக்கிருந்த ஒரே தகுதி இங்கிலீஷ் எழுத்து வாசிப்பது. ஸ்பேனரைக் கையில் பிடித்தது கிடையாது. அந்த ஜீப்பின் சாமான் பலவற்றில் 'எஃப்' என்று ஓர் எழுத்து குத்தியிருக்கும். "எஃப்னா ஃப்ரண்ட். முன்பக்கத்துச் சாமான்" என்று கராஜில் நின்று விளக்கம் கொடுத்தேன். பின்பக்கத்திலும் அதே எஃப் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். "எவனோ மாத்திப் பூட்டியிருக்கான்" என்றேன். அது ஜீப்பைச் செய்த கம்பெனிப் பெயரின் முதல் எழுத்து என்பது எனக்குத் தெரியவந்தபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம் அது. தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் எங்கள் குடும்பத்துக்குச் செய்த நியாயத்தைக் கேளுங்கள். எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார், அதனால் எனக்கு இலங்கை. மச்சானுடைய அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார், அதனால் மச்சானைக் கட்டிக்கொண்ட என் பார்வதி அக்காவுக்கு இந்தியா. மந்தை பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள். எங்கேயோ ஒரு மேசையில் இரண்டு பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட, பதுளையைத் தாண்டி ஓர் ஊரைப் பார்க்காத என் அக்கா கடல் தாண்டிப் போக வேண்டும். உனக்குச் சம்மதமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. மச்சானும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

பதுளை ஸ்டேஷனில் தலைமன்னார்க் கோச்சி பிடித்து, அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டும். பயணம் போகிறவர்களைச் சாமான் லொறியில் மூட்டையோடு மூட்டையாக ஏற்றி அனுப்புவதுதான் தோட்டத்து வழக்கம். எனக்கு மனம் ஒப்பவில்லை. போகிறதுதான் போகிறாள், துரைசாணி மாதிரி ஜீப்பில் போகட்டும் என்று நினைத்தேன். தோட்டத்து ஆபீசில் கேட்டதற்கு, திருத்தினால் கொண்டுபோ என்று விட்டுவிட்டார்கள். முன்பக்கத்து இடது சக்கரத்தைப் பூட்டுகிற ஹப்பில் போல்ட்டுகள் முறிந்திருந்தன. "பார்ட்ஸ் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

காசிம் நானாவின் பழைய இரும்புக் கடையில் அன்று நல்ல கூட்டம். அதுவும் என் கெட்ட காலம், ஆள் இருந்தால் எனக்கு வாய் நீளும்.

"முன்பக்கத்து ஹப்பு ஒன்னு வேணும் நானா. ஆர்மி ஜீப்புக்கு. போல்ட்டு நட்டோட."

"எடம்புரியா, வலம்புரியா?" என்று கேட்டார் நானா.

(அவர் கேட்டது மரை ஓடுகிற திசையை. அந்த ஜீப்பில் இடது பக்கத்துச் சக்கர நட்டுகளை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்பித்தான் இறுக்க வேண்டும். ஓடும்போது கழன்றுவிடாமல் இருக்க அமெரிக்காக்காரன் செய்த ஏற்பாடு. அதுதான் இடம்புரி.) எனக்குத் தெரிந்த வலம்புரி, சங்கு. சாமியறையில் வைத்தால் லட்சுமி தங்குவாள் என்பார்களே, அந்தச் சங்கு. நட்டிலும் மங்களமான ஜாதி, மங்களமில்லாத ஜாதி இருக்கிறது போலிருக்கிறது, வெள்ளைக்காரனும் சாஸ்திரம் பார்த்திருக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"தூரப் பயணம் போறாங்க நானா. வலம்புரியே குடுங்க."

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ரெண்டும் ஈக்கு தம்பி. எந்தப் பக்கம்னு சென்னா பாத்து எடுத்துத் தாறேன்."

"முன்பக்கம்னு சொன்னேனே. இந்தா, எஃப்னு போட்டிருக்கு பாருங்க" என்று அங்கே கிடந்த வலம்புரி ஹப்பைக் காட்டினேன்.

அவர் பொறுமையாக இன்னொரு ஹப்பை இழுத்துப் போட்டார். அதன் நட்டுகளில் 'எல்' என்று குத்தியிருந்தது. இடது என்பதற்கு இங்கிலீஷில் முதல் எழுத்து என்ன என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நான் சிரித்தேன்.

"எல்னா லூஸ். ஆர்மிக்காரன் லூசாப் போனதுன்னு கழிச்சு வச்சது. இத என் தலையில கட்டப் பாக்காதீங்க."

நானா வலம்புரியைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். அந்த இடத்தில் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்க வேண்டாமா மனிதன்? அன்றைக்கு அவர் காட்டிய மரியாதையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கராஜ் பாஸ் ஹப்பைப் பூட்டிவிட்டு, "வலம்புரி பூட்டியிருக்குன்னு சூசைகிட்ட மறக்காமச் சொல்லிடு" என்றார். மறக்கவில்லை. காலையில் ஜீப்பை எடுக்க வந்த டிரைவர் சூசை அண்ணனிடம் பெருமையாகவே சொன்னேன்.

"அக்கா பயணத்துக்காக வலம்புரியா வாங்கி வச்சிருக்கேன் அண்ணே."

சூசை அண்ணன் வேதக்காரர். அவரும் சங்கு என்றே நினைத்துவிட்டார். இடம்புரி மரையை அவர் 'ரிவர்ஸ்' என்றுதான் சொல்வாராம். "சங்கெல்லாம் நீயே வச்சுக்க. எனக்கு மாதா இருக்கு" என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தைத் தொட்டுக் கும்பிட்டு வண்டியை எடுத்தார்.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே அழுதது. மச்சான் முன்னால், அக்காவும் பிள்ளைகளும் நானும் பின்னால் டிரங்குப் பெட்டியோடு. அந்த ரோட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் எரிந்துவிடும், விடுங்கள். பசறையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். சூசை அண்ணன் கவனமான டிரைவர். ஸ்பேனரை எடுத்து வலது சக்கரங்களை வலது பக்கமாக ஒரு இறுக்கு இறுக்கினார். இடது பக்கம் வந்து, வருஷக் கணக்கான பழக்கத்தில், எதிர்ப்பக்கமாக இழுத்தார். முன்சக்கரத்து நட்டுகள் கிறீச்சென்று அசைந்தன.

"பாத்தியா, எப்படி ஏறுது" என்றார் என்னிடம்.

"வலம்புரியாச்சே" என்றேன். ஏறவில்லை ஐயா, ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது.

பசறை தாண்டி இறக்கத்தில் ஜீப் ஒரு ஆட்டம் ஆடியது. உடனே ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு பதுளைப் பக்கம் உருண்டு போனது. மச்சான் தலையை நீட்டி, "யாரோட டயரோ போகுது" என்றார். அடுத்த நொடி ஜீப் மூக்கைக் குத்தி, ரோட்டை உழுதுகொண்டு போய் மண்திட்டில் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சக்கரம் தேயிலைக்குள் பாய்ந்து, கீழே ஓடுகிற ஓயாத் தண்ணியில் விழுகிற சத்தம் கேட்டது.

"நான் இறுக்கினேனே" என்று சூசை அண்ணன் கையை இடது பக்கமாகச் சுற்றிக் காட்டினார். "நான் வலம்புரி வாங்கினேனே" என்று நான் கத்தினேன். "அந்தச் சங்கு எங்கடா" என்று மச்சான் பாய்ந்தார். சூசை அண்ணன் குனிந்து ஹப்பில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் மரையை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொன்ன வார்த்தையை மாதா மன்னித்திருப்பாள், நான் இங்கே எழுத முடியாது. அக்கா டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, கோச்சிக்குக் கட்டிவந்த ரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தாள்.

நெரிசலான ஒரு பஸ்ஸில் தொற்றி பதுளை ஸ்டேஷனுக்குப் போனபோது பிளாட்பாரத்தில் சிந்திய சோறும் அழுது முடித்த சனமும்தான் இருந்தது. கோச்சி போய்விட்டது. அங்கே இருந்த உத்தியோகத்தர் ஒருவர், "அடுத்த தேதி வரும். வீட்டுக்குப் போய் இருங்க" என்றார். எந்த வீட்டுக்கு? தோட்டத்து ஆட்களின் பதிவான செக்ரோலில் பெயர் வெட்டியாகிவிட்டது, லயத்தில் அக்கா இருந்த காம்பராவில் அன்று மத்தியானமே வேறு குடும்பம் அடுப்பு மூட்டியாகிவிட்டது. அந்த ஆளின் மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் என் ஒற்றைக் காம்பராவுக்கு வந்தார்கள். வந்த அன்றே மச்சான் லயத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வேணும்னே செஞ்சிருக்கான். ஆர்மிக்காரன் பார்ட்ஸையே கரைச்சுக் குடிச்சவனாம், இவனுக்கு எடது வலது தெரியாதா?"

தெரியாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். நான் முட்டாள், நான் முட்டாள் என்று வீடு வீடாகச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அவ்வளவு பீற்றியிருந்தேன். அடுத்த தேதி வருவதற்குள், வடக்கே சண்டை முற்றி, கப்பலே நின்றுபோனது. அவர்கள் போகவேயில்லை. பல வருஷம் இழுத்தடித்து இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக் கடதாசியும் வந்தது. மச்சான் பசறையில் மரக்கறிக் கடை போட்டார். அன்றிலிருந்து கல்யாணமோ கருமாதியோ, "ஒரு நட்டுல கப்பல நிறுத்தினவன்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். சதிகாரன் என்று பெயர் எடுத்ததுகூடப் பரவாயில்லை, செய்யாத கெட்டிக்காரத்தனத்துக்கு எதற்குப் பெயர்?

போன தீபாவளிக்கும் ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து, மரை என்றால் என்ன, இடம்புரி என்றால் என்ன என்று சபைக்கு விளக்கப் போனேன். அக்கா என்னைக் குசினிக்குள், அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய மூடு" என்றாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. "போறியா இருக்கியான்னு எங்கிட்ட ஒரு மனுசன் கேக்கல. எந்தம்பி ஒருத்தன் எனக்காக அந்த வண்டியக் கவுத்தான்னுதான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அதையும் கெடுத்துடாத."

திரும்பி வந்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா மச்சான்," என்றேன். "வேணும்னேதான் செஞ்சேன்."

"பாத்தீங்களா," என்றார் மச்சான், "நான் அப்பவே சொல்லல?"