தலைவரின் புன்னகையும் ஒரு பச்சைப் பையும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் போற்றத்தக்கது, எங்கள் சின்ச்சு அலுவலகத்தில் 'ஃபைல் சிஸ்டம் தேர்வுக் குழு' கூடிய நாள். நெருப்பின்போது கூட்டக் குறிப்பு எழுத ஆள் இல்லை. இங்கே நான் இருந்தேன்.

நாங்கள் செய்வது மீன்குட்டைப் பெட்டி. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அது துடுப்புச் சக்கரத்தைச் சுற்றவிடும். எந்த அளவுக்குக் குறைந்தால் சுற்றவேண்டும் என்று நினைவு வைத்திருக்கவும் வேண்டும். அந்த நினைவுகளைச் சிதறாமல் அடுக்கிவைக்கும் ஏற்பாடுதான் ஃபைல் சிஸ்டம். பல வகை உண்டு. வேண்டியதற்கு நேரே ஒரு டிக் போட்டால் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பெட்டிக்குள் இடம் நெருக்கடி.

யாச்சிங் கையைத் தூக்கினாள். மென்பொருள் அவள் பொறுப்பு. வெள்ளோட்டத்துக்குத் தெற்கே தைனானில் இரண்டு குட்டைகளைக் கொடுத்திருப்பவர் அவளுடைய அப்பா. உள்ளே பால்கெண்டை, குளிருக்கு முன் பிடிக்கவேண்டியது. அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு அதுதான்.

"சார், நடுவுல கரண்ட் போனாலும் எதையும் மறக்காத ஃபைல் சிஸ்டம் ஒண்ணு இருக்கு. அதுக்கு டிக் போட்டுடலாம்."

"தாராளமா," என்றார் துணை மேலாளர் லியாவ். "இடம்?"

"பெட்டியைப் போட்டதும் நம்ம கம்பெனித் தலைவர் ஹோ சிரிச்சுக் கையாட்டுற படம் வருதுல்ல, அதைப் பாதியாக் குறைச்சா இடம் கிடைக்கும்."

லியாவ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"தலைவரைப் பாதியாக்கணுங்கிறே?"

"படத்தை, சார்."

"எந்தப் பாதி? மேலா, கீழா?"

"கையாட்ட வேணாம். சும்மா சிரிச்சாப் போதும்."

"கையாட்டாத தலைவரைப் பார்த்தா மீன் வளர்க்கிறவங்களுக்கு நம்பிக்கை எப்படி வரும்?"

"கரண்ட் போனா அவங்க சாமியைத்தான் கும்பிடுவாங்க சார். தலைவரையில்ல."

லியாவ் இரக்கத்தோடு சிரித்து, இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைப் பையை எடுத்தார்.

எங்கள் தீவில் இதை மேலே வைக்காமல் எந்த இயந்திரத்தையும் யாரும் நம்புவதில்லை. உள்ளே இருப்பது தேங்காய்ச் சுவையில் சோளப்பொரி. அதன் பெயருக்கே 'சமர்த்து' என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும். மஞ்சள் பை ஆகாது. காலாவதி ஆகியிருக்கக் கூடாது. முக்கியமாக, யாரும் தின்றுவிடக் கூடாது.

'மின்தடைப் பாதுகாப்பு: பை (பச்சை)' என்று குறிப்பில் எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது. யாச்சிங்கின் மனம் அந்த ஏகத்தில் சேர்க்கப்படவில்லை.

வெள்ளோட்டம் வெற்றி என்று அறிவிப்பதற்காகக் கூடிய கூட்டத்தின் நடுவில் அவளுடைய போன் அடித்தது. அவளைச் செல்லமாக ஆச்சிங் என்று கூப்பிடும் அப்பாதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆச்சிங்! இடி இடிச்சு கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது. ரெண்டு பெட்டிலயும் ஒரு ஆளு சிரிச்சுக் கையாட்டுறான். அப்புறம் 'மொழியைத் தேர்ந்தெடுக்கவும்'ங்குது. சக்கரம் சுத்தல!"

லியாவ் குனிந்தார். "பெரியவரே, அது ஆளு இல்ல, தலைவர். மேல பை இருக்கா?"

"இருக்கு."

"பச்சைதானே?"

"பச்சைதான்யா! மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது!"

"பையில தேதி என்ன போட்டிருக்கு, பாருங்க."

"அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும். என் மீன் தாங்காது!"

யாச்சிங் போனைப் பிடுங்கினாள். "அப்பா, அந்தப் பெட்டியை விடுங்க. தூண்ல பழைய கைச் சுவிட்ச் இருக்குல்ல, அதைப் போடுங்க. ஓடுங்க!"

மழைச் சத்தம். பிறகு துடுப்புகள் தண்ணீரை அறையும் சத்தம். மேற்குக் குட்டை பிழைத்தது. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து அவர் கிழக்குக் குட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்குச் சுவிட்ச் தேவைப்படவில்லை.

"வெள்ளையா மிதக்குதும்மா," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

யாச்சிங் அதன்பின் யாரிடமும் கேட்கவில்லை. தலைவரைப் பாதியாக்கினாள், டிக் போட்டாள், ரயிலேறிப் போய்ப் பெட்டியில் ஏற்றிவிட்டு வந்தாள். அடுத்த புயலில் மின்சாரம் இஷ்டத்துக்குக் கண்ணாமூச்சி ஆடியது. மேற்குக் குட்டைப் பெட்டி ஒவ்வொரு முறையும் எழுந்து, எதையும் மறக்காமல், சக்கரத்தைச் சுற்றவிட்டது. பால்கெண்டை கரையேறி விலைபோனது.

விசாரணைக் குழு இரண்டு புயல்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. முதல் புயலில் பை படுத்திருந்ததாம். இரண்டாவதில் நிமிர்ந்து நின்றதாம். பையை நிமிர்த்தி வைக்கும் முறையை வகுத்ததற்காக லியாவுக்கு விருது. தலைவரின் உருவத்தைச் சுருக்கியதற்காக யாச்சிங்குக்கு மெமோ.

அவள் எங்களைச் சுற்றிப் பார்த்தாள். "மீன் எதனால செத்துச்சு, எதனால பொழைச்சுதுன்னு இங்க ஒருத்தருக்குக்கூடத் தெரியாதா?"

எல்லோரும் இன்ஜினியர்கள். எல்லோரும் மேசையைப் பார்த்தோம். நான் பேனாவுக்கு மூடி போட்டேன்.

இயந்திரங்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. தலையில் ஒரு பை இருந்தால்தான் அவற்றுக்குச் சமர்த்து வருகிறது. எங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.