வைகை மணலில் பஞ்சமப் போர்

வாழ்க பாதுஷா! ஒலிபெருக்கி என்னும் கூலிப்படையை நம்பாது, கொட்டகையின் கடைசிப் பாய் வரைக்கும் தன் தொண்டை ஒன்றாலேயே கட்டியாண்ட கோரிப்பாளையத்து ராஜபார்ட்டே, வாழ்க! நாபியில் மூச்சையும் நடுக்கழுத்தில் குரல்வளையையும் நாவடியில் வெற்றிலைச் சாற்றையும் ஏந்திய மும்முனை வீரரே, உமது புகழ் பாட எமக்கும் கொஞ்சம் மூச்சு அருளும்!

போருக்குக் காரணம் கொட்டாம்பட்டித் திருவிழா நாடகம். மழைக்காலம் முழுவதும் மேடையேறாமல் கிடந்த நம் வீரர், அந்த ராஜபார்ட் வேஷம் தமக்கே என்று மனைவி அமீருன்னிசாவிடம் முன்கூட்டியே முழங்கிவிட்டார். ஆனால் கொட்டாம்பட்டியிலிருந்து நடிகர்களைப் பேசி அமர்த்த வந்த வெள்ளைத்துரையோ திண்டுக்கல் ராஜபார்ட் ஒருவரையும் மனத்தில் வைத்திருந்தார்.

"எங்க ஊரு பொட்டல்ல கூட்டம் அம்புட்டுத் தூரம் நிக்கும்ணே. நீங்க இந்தக் கரையில பாடுங்க, நான் அந்தக் கரையில நிக்கிறேன். கேட்டுச்சுன்னா துண்டைத் தூக்குறேன்" என்று ஆணையிட்டு, வறண்ட வைகையின் உச்சிவெயில் மணலைக் கடந்து போனார்.

வடகரையில் ஆர்மோனியக்காரர் பேயாண்டி சுருதி கூட்டினார். நாபிக் கோட்டையிலிருந்து மூச்சுப்படை புறப்பட்டது. விலாவெலும்புகள் வாயிற்கதவுகளாய் விரிந்தன. கீழ்ஸ்தாயி பணிந்தது, நடுஸ்தாயி திறை கட்டியது. மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தின் மதிலேறி நின்று வீரர் 'ஆ...' என்று ஆகாரம் முழங்க, தெற்கிலிருந்து பாய்ந்து வந்த எதிர்க்காற்று அதை அப்படியே வாரிச் சுருட்டி அவர் முகத்திலேயே எறிந்தது. அக்கரையில் துண்டு அசையவில்லை.

வெகுண்டார் வேந்தர். முட்டை வடிவில் திறந்திருக்க வேண்டிய வாய் கோணியது. தாடை இறுகியது. தாழ்ந்து நின்று காவல் காக்க வேண்டிய குரல்வளை, காவலைத் துறந்து மோவாய்க்கு அடியில் ஏறி ஒளிந்துகொண்டது.

"அண்ணே, தாடைய எறக்குங்க! தொண்டைய இறுக்காதீக!" என்று அலறினார் பேயாண்டி.

அந்த அபயக்குரல் வீரச்செவியில் ஏறவில்லை. வேஷம் இல்லாமல் வீடு திரும்பினால் அமீருன்னிசா ஒன்றும் சொல்லமாட்டாள், சும்மா பார்ப்பாள். அந்தப் பார்வையை எண்ணியதும் அடிவயிற்றில் ஒளிந்திருந்த கடைசி மூச்சுவரை திரட்டி, கழுத்து நரம்புகள் நாண்களாய்ப் புடைக்க, கண்கள் பிதுங்க, பஞ்சமத்தை மறுபடி ஏவினார் பாவம் அந்த மனிதர்.

ஆகா! அக்கரையில் துண்டு எழுந்தது! வெண்கொற்றக் குடையெனத் தலைக்குமேல் விரிந்தது! வெற்றி, வெற்றி என்று ஆர்மோனியம் ஆர்ப்பரிக்க, வென்ற களிப்பில் வீரர் அதே பஞ்சமத்தை மேலும் மேலும் பொழிந்து, மிச்சமிருந்ததையும் வாரி வழங்கித் தீர்த்தார்.

தலைப்பாகையுடன் மணலில் நடந்து வந்தார் வெள்ளைத்துரை.

"வெயிலு மண்டையப் பொளக்குதுண்ணே. தலையில கட்டத்தான் துண்டை எடுத்தேன். எப்பப் பாடப் போறீக?"

மீண்டும் நாபியைத் தட்டியெழுப்பி, விலாக்கதவுகளை விரித்து, தாடையைத் தளர்த்தி, குரல்வளையை அதன் காவலிடத்தில் இறக்கி நிறுத்தி, இம்முறை இலக்கணம் பிசகாத முட்டை வடிவில் வாய் திறந்தார் வேந்தர்.

பாதுஷாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.