வறுத்த கோழித் தீனி

விடிந்ததிலிருந்து பிச்சைமுத்துவின் வயிறு அவனையே தின்றுகொண்டிருந்தது. நேற்றெல்லாம் துறைமுகக் கிட்டங்கியில் அரிசி மூட்டை சுமந்த முதுகு ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறித்தது. ராத்திரிச் சோற்றை வேண்டுமென்றே விட்டிருந்தான். காரணம், இப்போது அடுப்பில் இருந்தது.

முந்தின நாள் அந்தி மழைக்கு ஈசல் கிளம்பியிருந்தது. விளக்கடியில் தண்ணீர்ச் சட்டி வைத்து அவன் பிடித்தான். பக்கத்து அறை ருக்குமணி ராத்திரியே அடுப்புச் சூட்டில் காய வைத்து, முறத்தில் புடைத்து, இறக்கை நீக்கிக் கொடுத்தாள். கூலிக்குப் பாதிப் பங்கு. அரிசியும் உப்பும் மிளகாயும் சேர்த்து வாணலியில் வறுத்தபோது எழுந்த மணத்துக்கு முதுகு வலிகூட மறந்தது. ஒரு பிடி அள்ளி வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் ருக்குமணி ஓடி வந்தாள்.

"தம்பி! சுங்கை பாக்காப் பொண்ணு வீட்டுக்காரரு வந்துட்டாரு! சந்து முனையில உன் பேரைச் சொல்லி வழி கேக்குறாரு!"

"மத்தியானம்னுதானே சொன்னாங்க?"

"மொதப் படகுலேயே ஏறிட்டாராம். மூடு, மூடு, அந்தக் கருமத்தை மூடு!"

அள்ளியதை அப்படியே வாணலியில் போட்டு மூடினான். போன வருஷம் கெப்பாலா பத்தாஸிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் இதே வாணலியைப் பார்த்துவிட்டு, "பூச்சி தின்னிக்கா பொண்ணு?" என்று காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அதோடு விட்டார்களா? போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்கள். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கும் முதல் பெண்வீட்டுக்காரர் இவர்தான். இவரும் போய்விட்டால், சாகிற வரைக்கும் மூட்டையோடுதான் குடித்தனம்.

பெண்ணின் அப்பா சின்னையா உள்ளே வந்தார். தோட்டத்து வெயிலில் கருத்த மனிதர். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. உட்காரவில்லை. மூக்கை உயர்த்தினார்.

"என்னா தம்பி வாசம்?"

"கச்சான் மாமா. வேர்க்கடலை வறுத்தேன்."

"கச்சானா? குடுங்க ரெண்டு. வெறும் வயித்தோட வந்திருக்கேன்."

"கருகிப்போச்சு மாமா..."

சின்னையா அதற்குள் மூடியைத் தூக்கிவிட்டார்.

"ஈசல்," என்றார் மெதுவாக.

"கோழித் தீனி மாமா!" பிச்சைமுத்துவின் வாய் அவனைக் கேட்காமலே பேசியது. "இதையெல்லாம் மனுசன் தின்பானா? கோழிக்கு!"

"கோழிக்கா? உப்பு, மொளகா போட்டா?"

"பட்டணத்துக் கோழி மாமா. பச்சையா குடுத்தா திரும்பியும் பாக்காது."

"ஆமாண்ணே," என்று ருக்குமணி முட்டுக் கொடுத்தாள். "நாக்கு ரொம்ப நீளம் அதுக்கு."

சின்னையா கக்கத்து மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்பிடிப்பட்ட கோழிய நான் பாத்ததே இல்லையே. எங்க, காட்டுங்க."

பிச்சைமுத்துவிடம் கோழியும் இல்லை, ஓர் இறகுகூட இல்லை. "மேய்ச்சலுக்குப் போயிருக்கு மாமா, கூட்டிட்டு வரேன்," என்று பின்வாசல் வழியாக ஓடினான்.

பின்வீட்டு சலேஹா கூடையில் வாழையிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் பக்கம் காவடித் தண்டில் சோறு சுமந்து விற்கும் இஸ்மாயிலின் மனைவி.

"அக்கா, ஒங்க கோழியக் கொஞ்சம் குடுங்க. மாமனாருக்குக் காட்டிட்டுத் தந்துடுறேன்."

"கோழியக் காட்டியா கல்யாணம் பேசுறே? என்னா லா இது!" என்று சிரித்தாள். "முட்டைக் கோழி, தம்பி. ஒரு எறகு கொறைஞ்சாலும் ஒன் தோலை உரிப்பேன். நான் இலை குடுத்துட்டு வர்றதுக்குள்ள கூட்டுல இருக்கணும்."

கோழியின் காலில் கயிறு கட்டி இழுத்து வந்தான்.

"போடுங்க, திங்குதான்னு பாப்போம்," என்றார் சின்னையா.

வேறு வழியில்லை. பிச்சைமுத்து வாணலியைக் கவிழ்த்தான். கோழிக்கு அப்படி ஒரு விருந்து பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை. அரிசியை ஒதுக்கிவிட்டு ஈசலை மட்டும் பொறுக்கியது. ஒவ்வொரு கொத்துக்கும் பிச்சைமுத்து எச்சில் விழுங்கினான். பக்கத்தில் சின்னையாவின் தொண்டையும் ஏறி இறங்கியது. அருவருப்பு என்று நினைத்துக்கொண்டான்.

கடமுடவென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னா சத்தம் தம்பி?"

"கோழி மாமா," என்றான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

சின்னையா நெடுநேரம் கோழியையே பார்த்தார். பிறகு, "இதைப் பின்னால கட்டுங்க, நானும் கை கால் கழுவிட்டு வந்துடுறேன்," என்று பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கக்கத்து மூட்டை வெறும் துணியாகத் தொங்கியது. பிச்சைமுத்து அதைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவன் வயிறும் இல்லை.

"அந்தக் கோழிக்குக் காலக் கட்டி வச்சிருக்கீங்களே," என்றார் சின்னையா, கொஞ்சம் வெட்கத்தோடு. "எனக்கு அறுக்கத்தானே? எதுக்குத் தம்பி இந்தச் செலவெல்லாம்? நாட்டுக்கோழி தின்னு எத்தனையோ மாசம் ஆச்சு, அது வேற விசயம்."

பிச்சைமுத்து ருக்குமணியைப் பார்த்தான். ருக்குமணி கூரையைப் பார்த்தாள்.

"பின்ன, ஒங்களுக்குத்தான் மாமா," என்றான் பிச்சைமுத்து.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை பரிமாற வேண்டும் என்று ருக்குமணி முறை பேசியதால், சின்னையா எழுந்த பிறகு சட்டியில் கழுத்தெலும்பு மட்டுமே அவனுக்காகக் காத்திருந்தது.

கை துடைத்த பெரியவர் வாசலில் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. மனுசன் நல்ல மனுசன்தான். ஆனா கோழிக்கே வறுத்துக் கொட்டுற வீடு இது. எம் மக நவமணி தோட்டக்காட்டுப் பொண்ணு. இங்க வந்து ஒங்க மொகத்தைப் பாத்துக் கூசிக்கிட்டே அவளால சாப்பிட முடியாது. இது சரிப்பட்டு வராது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார். அவர் சொன்னதில் பிச்சைமுத்துவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கழுத்தெலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வெறுங்கூடையோடு சலேஹா வந்து நின்றாள்.

"கூட்டுல காணோமே. எங்க என் கோழி?"

பிச்சைமுத்து எலும்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒன் மாமனாரு நல்ல மனுசன் லா," என்றாள் அவள், விஷயம் தெரியாமல். "நான் கெளம்பையில, பின்னால நின்னு மூட்டைய அவுத்து என் கோழிக்குக் கொட்டிக்கிட்டிருந்தாரு. என்னாண்ணேன்னு கேட்டேன். 'எம் மக மாப்பிள்ளைக்குன்னு ஆசையா வறுத்துக் குடுத்த ஈசலும்மா. அவரு இதைத் திங்கமாட்டாராம், நீயாச்சும் தின்னுன்னு போடுறேன்'னாரு!"

அடுத்த நொடி ருக்குமணியின் பங்கு ஈசலை முறத்தோடு தூக்கிக்கொண்டு, "மாமா! மாமா! நானும் திம்பேன் மாமா!" என்று கத்தியபடி பிச்சைமுத்து படகுத்துறைக்கு ஓடிக்கொண்டிருந்தான். ருக்குமணிக்கு ஒரு முறம் ஈசல் கடன். சலேஹாவுக்கு ஒரு முட்டைக் கோழி கடன்.