கம்ப்யூட்டருக்கு ஒரு தோல் சட்டை

இனிமேல் இந்த வீட்டில் கம்ப்யூட்டர் பக்கம் வருகிறவர்கள் கையைக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்று கிருபானந்தம் சட்டம் போட்டார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை.

சட்டத்துக்குக் காரணம் நாலு வயது டேனி. தோஹாவிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்த கம்ப்யூட்டர் அது. அந்தத் தெருவே பார்த்திராத அதிசயம். பார்வைக்கு வெறும் எழுத்துப் பலகை. டிவிக்கு ஒரு ஒயர், டேப் ரிக்கார்டருக்கு ஒரு ஒயர். கேசட்டிலிருக்கும் புரோகிராம் கீச்சுகீச்சென்று கத்திக்கொண்டே உள்ளே போகும். அது பசியில் கத்துகிறது என்று முடிவுகட்டிய டேனி, பட்டன் இடுக்குகளில் உப்புமாவை ஊட்டிவிட்டான். அவன் அக்கா இன்பம், வாய் துடைத்துவிடுகிறேன் பேர்வழி என்று ஈரத்துணியோடு வந்துவிட்டாள்.

கிருபானந்தத்துக்கு உயிரே போய்விட்டது. காரணம் இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் ஏற்றுமதி கிளார்க். அங்கே தைப்பது ஷூவின் மேல்பாகம் மட்டும்தான். அதற்கு அப்பர் என்று பெயர். அடிப்பாகம் ஒட்டுவதெல்லாம் கப்பலேறிப் போன பிறகு வெளிநாட்டில். அந்தக் கம்பெனி இப்போது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது. அதை நடத்துகிறவருக்கு ஏசி ரூம். ‘ஒரு தோலில் எத்தனை அப்பர் வெட்டலாம் என்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரே சொல்லும்’ என்று மேனேஜர் கோதண்டபாணியிடம் இவர் அளந்துவிட்டிருந்தார். ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிறு நேரில் வந்து பார்ப்பதாக அவரும் சொல்லிவிட்டார். மனசுக்குள் கிருபானந்தம் ஏற்கனவே அந்த ஏசி ரூமில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பூட்டு போட்ட தோல் உறை ஒண்ணு தைக்கச் சொல்லியிருக்கேன். நம்ம கம்பெனி லியாகத் அலிகிட்ட. அப்பர் தைக்கிறதுல அவர மிஞ்ச ஆளில்ல" என்றார் மனைவி ஜெயசீலியிடம்.

"இன்னாங்க இது, புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தா போச்சு. எதுக்கு இவ்ளோ பேஜாரு?"

"நீ ரொம்ப எடம் குடுக்கறே. புள்ளைங்க மேல பயம் கம்மி, பாசம் ஜாஸ்தி."

"நான் வேணா கம்ப்யூட்டரோட வந்த புஸ்தகத்த ஒரு தபா படிச்சுப் பாக்கட்டுமா? நானும் மேத்ஸ் படிச்சவதானே. டைப்ரைட்டிங் ஹையர் வேற."

"சீலி, இது டைப்ரைட்டர் இல்ல. கம்ப்யூட்டர்!"

லியாகத் அலி எருமைத்தோலில் தைத்த உறையைத் தானே கொண்டுவந்து, கம்ப்யூட்டர், டேப் ரிக்கார்டர், கேசட் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாட்டிவிட்டுப் போனார். முன்பக்கம் ஒரு மடிப்பு. அதில் பித்தளைப் பூட்டு. தையல் ஒவ்வொன்றும் எறும்பு வரிசை மாதிரி. கிருபானந்தம் பூட்டை இழுத்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. சாவி சட்டைப் பையில் ஏறியது.

தினமும் சாயங்காலம் பூட்டைத் திறந்து, மடிப்பை விலக்கி, உறைக்குள் இரண்டு கையையும் விட்டு ஒற்றை விரலால் தட்டுவார்.

"கோழி முட்ட போட்டிருக்குதாப்பா?" என்று கேட்டாள் இன்பம். அவளுக்கு முதுகில் ஒன்று விழ வேண்டியது. கை உள்ளே மாட்டிக்கொண்டதால் தப்பினாள்.

அப்புறம்தான் குழப்பம் ஆரம்பித்தது. ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து பூட்டைத் திறந்தால் கம்ப்யூட்டர் சூடாக இருந்தது. பூட்டு போட்டது போட்டபடி. சாவி பையில். இன்னொரு நாள், அவர் முழுக்கச் சுற்றி வைத்த கேசட் பாதியில் நின்றது. அடுத்த நாள் பட்டன் நடுவே ஒரு முறுக்குத் துண்டு.

"சீலி, பூட்டின உறைக்குள்ள முறுக்கு எப்படி வந்துச்சு?"

"எலியா இருக்கும்."

"எலி மாவு பிசைஞ்சு முறுக்கு சுடுமா?"

"நான் சுட்டேன். எலி எடுத்துனு போயிருக்கும்."

"அப்ப கம்ப்யூட்டர் ஏன் சூடா இருக்குது?"

"எருமத்தோல் போத்தினா சூடு வராம இன்னா பண்ணும்? நீங்க போத்திக்கிட்டுப் பாருங்களேன்."

அதுவும் சரிதானே என்று பட்டது. ஆனால் அடுத்த அதிசயத்துக்கு எருமையைச் சாட்சிக்கு இழுக்க முடியவில்லை. அவர் எழுதிய புரோகிராம் ‘ஒரு தோலுக்கு மைனஸ் பதினொரு அப்பர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது தோலும் கொடுத்து அப்பரும் கொடுக்க வேண்டும். அது ஒருநாள் தானாகவே திருந்தி ஒழுங்கான விடை சொன்னது. கிருபானந்தம் மிரண்டுபோய் ஜெபம் பண்ணினார். பிறகு, நேற்று நாம் தட்டிய தட்டில்தான் சரியாகியிருக்கும் என்று பெருமையை எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் கோதண்டபாணி வாசலில் நிற்கிறார். காபி கொடுத்தார்கள். கிருபானந்தம் சட்டைப் பையில் கையை விட்டார். பேன்ட் பையில் விட்டார். கோயிலில் காணிக்கைப் பையில் சில்லறையை அள்ளிப் போட்டபோது, சத்தம் கொஞ்சம் கனமாகக் கேட்டது இப்போதுதான் உறைத்தது.

"சார், ஒரு நிமிஷம். சாவி... கோயிலுக்குக் குடுத்துட்டேன்."

"கம்ப்யூட்டர் சாவியையா?"

"பூட்ட ஒடைச்சிடலாம் சார். சுத்தியல எடு சீலி!"

"அப்பா, எதுக்குப்பா ஒடைக்கணும்?" என்றாள் இன்பம். அவள் ஒரு பக்கம், டேனி மறுபக்கம். "ஒன், டூ, த்ரீ!" பழகிய கைகள். உறை, பூட்டோடு சேர்ந்து, கோழி மேல் கவிழ்த்த கூடை மாதிரி அப்படியே மேலே போனது.

கிருபானந்தம் பூட்டை இழுத்துப் பார்த்தார். அது பூட்டியபடியே இருந்தது. கோதண்டபாணி குனிந்து உறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு, லியாகத் தச்சதா? அதானே பாத்தேன். அந்த ஆளு கைக்கு அடி போட்டுப் பழக்கமே இல்லியே!"

"அடி மட்டும் ஃபாரின்ல போட்டுப்பாங்கன்னு உட்டுட்டாரு போல சார்" என்றாள் ஜெயசீலி.

மேனேஜர் சிரித்து முடிப்பதற்குள் இன்பம் கேசட்டை ஓடவிட்டாள். டிவியில் அப்பர் கணக்கு வந்ததும் அவர் கேட்டார்: "சரி, தோல் சின்னதா வந்துட்டா கணக்க எங்க மாத்தணும்?"

கிருபானந்தத்தின் ஒற்றை விரல் பட்டன்களின் மேல் வட்டமிட்டது. எங்கும் இறங்கவில்லை. ஜெயசீலி பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை நகர்த்தி உட்கார்ந்தாள். பத்து விரலும் இறங்கின. டிவியில் விடை வந்து நின்றது.

"அந்த மைனஸ்... அதுவும் நீயா?" என்று மெல்லக் கேட்டார் கிருபானந்தம்.

"நீங்க ஆபீஸ் போனப்புறம் மூணு பேரும் உக்காருவோங்க. கையக் கழுவிட்டுத்தான்."

"முறுக்கு?"

"அது டேனி."

கோதண்டபாணி இவரைப் பார்க்கவேயில்லை. "மேடம், எப்ப வேலைக்கு வர்றீங்க?" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த மாதமே ஏசி ரூமும் திறந்தது. கிருபானந்தம் கணக்குக் காகிதத்தோடு போனார். வாசலில் செருப்பைக் கழற்றினார். கதவைத் தள்ளினார். உள்ளே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜெயசீலி. மேனேஜரும் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவள் தலையைத் தூக்கவில்லை.

"கையக் காட்டுங்க" என்றாள். "ம்... திருப்புங்க."