பத்து வண்டி இடைவெளி

தடநாட்டின் மோதல் விசாரணை மன்றத்தில் அன்று கூடியிருந்தவர்கள்: நடுவர் திருமேனிநாதர்; சட்ட அதிகாரி தாண்டவராயர்; தீர்ப்பை முதல் நாளே எழுதிவிட்டு வந்திருந்த எழுத்தர்; காவலர் இருவர்; சாட்சி மாசாணம்; குற்றம் சாட்டப்பட்ட வண்டிக்காரி குருவம்மாள். பெருவழி அமைச்சர் விசயரங்கர் வரவில்லை. அவருடைய நாற்காலி வந்திருந்தது. எல்லோரும் எழுந்து அதற்கு வணக்கம் செலுத்திய பிறகு விசாரணை தொடங்கியது.

தடநாட்டில் இருந்தது ஒரே ஒரு பெருவழி. வலத்தடத்தில் அமைச்சர்களின் தேர்கள், இடத்தடத்தில் மற்றவர்களின் மாட்டு வண்டிகள். தடம் மாறுகிறவர் கைகாட்டிவிட்டு மாற வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. அமைச்சர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அரசு ரகசியம் என்று சொல்லி அதை நீக்கினார்கள். தேர்கள் வண்டிகள்மேல் ஏறின. உடனே தற்காப்பு ஓட்டச் சட்டம் வந்தது: மோதலைத் தவிர்ப்பது மோதப்படுகிறவரின் கடமை. ஆகவே ஒவ்வொரு வண்டியும் முன்னால் பத்து வண்டி இடைவெளி விட வேண்டும். விட்ட இடைவெளியில் தேர்கள் புகுந்தன. புகுந்த தேருக்குப் பின்னால் மறுபடியும் பத்து வண்டி இடைவெளி. விடியலில் சந்தைக்குக் கிளம்பியவர்கள் பொழுது சாயும்போது கிளம்பிய இடத்துக்கும் பின்னால் நின்றார்கள். தக்காளி வண்டியிலேயே அழுகியது. வைத்தியரிடம் கொண்டுபோன நோயாளிகள் வழியிலேயே செத்தார்கள். விபத்து குறைந்துவிட்டதென்று அரசு விழா அறிவித்தது.

குருவம்மாள் அப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கிப் போன ஒரு நாளில்தான் விசயரங்கரின் தேர் சட்டென்று இடப்பக்கம் வெட்டி, அவள் வண்டியின் விலாவில் இடித்தது. ஒரு காளை அங்கேயே செத்தது. தேரின் வண்ணத்தில் ஒரு கீறல் விழுந்தது. கீறலுக்குத்தான் வழக்கு. தண்டனை மூன்று ஆண்டுச் சிறை.

"உன் வண்டியின் பக்கவாட்டில் அடிபட்டிருப்பதை ஒப்புக்கொள்கிறாயா?" என்றார் தாண்டவராயர்.

"ஒப்புக்கிறேன் ஐயா. அவரு பக்கத்துல இருந்து வந்து இடிச்சாரு. அதான் பக்கத்துல அடி."

"பக்கவாட்டில் அடிபட்டதென்றால், பக்கவாட்டை நீ வைத்திருந்தாய் என்றுதானே பொருள்?"

"பக்கவாட்டு இல்லாம வண்டி எங்க ஐயா விக்குது? சொல்லுங்க, வாங்கிக்கிறேன்."

நடுவர் மேசையைத் தட்டினார். சாட்சியைக் கூப்பிட்டார்கள். மாசாணம் அவளுக்குப் பின்னால் வண்டி ஓட்டி வந்தவன்.

"நேர்ல பாத்தேன் சாமி. அந்தப் பொம்பள கோடு தாண்டல. தேருதான் வெட்டுச்சு."

"எத்தனை வண்டி தள்ளி வந்தாய்?" என்று கேட்டார் தாண்டவராயர்.

"சட்டப்படி பத்து."

"பத்து வண்டி தூரத்திலிருந்து கோடு தெரியாது. சாட்சி செல்லாது."

"அப்ப ஒரு எட்டு இருக்கும் சாமி."

"எட்டா? இவன் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்."

மாசாணம் இரண்டடி பின்வாங்கினான்.

திருமேனிநாதர் குரலை இறக்கினார். "குருவம்மாள், இந்த மன்றம் கருணையற்றதல்ல. 'தற்காப்பாக ஓட்டத் தவறினேன், தவறு என்னுடையது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடு. இப்போதே வீட்டுக்குப் போகலாம்."

"மாடு செத்துப்போச்சு. சரி. வண்டி நொறுங்கிப்போச்சு. சரி. தப்பும் என்னோடதுன்னு எழுத மாட்டேன் ஐயா. என்ன வேணா செஞ்சுக்கங்க."

எழுத்தர் தீர்ப்பை எடுத்து நீட்டிய அதே நேரத்தில் அரண்மனைச் சேவகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். விபத்து ஒழிப்பு விழாவுக்காக அரசர் மக்களோடு மக்களாக இடத்தடத்தில் போயிருக்கிறார். விசயரங்கரின் தேர் வழக்கம்போல இடப்பக்கம் வெட்டியிருக்கிறது. அரசரின் முழங்கால் முறிந்துவிட்டது.

குருவம்மாளுக்கு முதல்முறையாக நெஞ்சில் ஏதோ லேசானது. அரசரே அடிபட்டுவிட்டார். இனி இந்தச் சட்டம் எப்படி நிற்கும்?

"அரசர் தற்காப்பாக ஓட்டத் தவறினார் என்று எழுதட்டுமா?" என்று கேட்டார் எழுத்தர்.

"பேனாவைக் கீழே வையும்!" என்று கத்தினார் நடுவர்.

"அமைச்சர்மேல் தவறென்று..."

"கீழே வையும் என்றேன்!"

நடுவரும் தாண்டவராயரும் அமைச்சரின் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாண்டவராயர் தொண்டையைச் செருமினார்.

"இந்த நேரத்தில் அந்த இடத்தில் வழக்கமாகப் போகும் வண்டி யாருடையது?"

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "குருவம்மாளுடையது."

"ஏன் அங்கே போகவில்லை?" நடுவரின் குரல் திடீரென்று கம்பீரமானது.

"உங்க முன்னாலதான ஐயா நிக்கிறேன்? நீங்கதான கூப்பிட்டீங்க?"

"நீ அங்கே இருந்திருந்தால் அமைச்சர் உன்மேல் மோதியிருப்பார். அரசர் தப்பியிருப்பார். மோத வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது ராஜத்துரோகம். மூன்று ஆண்டு போதாது. ஆயுள்."

"அட பாவிகளா! இருந்தாலும் குத்தம், இல்லாட்டியும் குத்தமா?"

"பதிவு செய்துகொள்ளுங்கள். குற்றத்தை அவளே இருமுறை ஒப்புக்கொண்டாள்" என்றார் தாண்டவராயர்.

அவளைக் கொட்டடிக்கு இழுத்துப் போனார்கள். கனத்த இரும்புக் கதவு. உள்ளே ஓரடி வைத்ததும் நின்றுவிட்டாள்.

"தள்ளி நில்லும்மா" என்றான் காவலன். அவனுக்கு அவள்மேல் இரக்கம்தான். "கதவு இடிச்சா அதுக்கும் பழி உன் தலையிலதான் விழும்."

குருவம்மாள் நகரவில்லை. கதவு அவள் முதுகை உரசிக்கொண்டு மூடியது. பூட்டு விழுந்தது.