ஒன்பதாவது விதி

நல்லையா எழுதிய ராஜினாமாக் கடிதத்தை நல்லையாவேதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மாணவர் நாடக மன்றத்துக்கு வரும் கடிதம் எதுவானாலும் செயலாளர் கையில்தான் சேர வேண்டும் என்பது விதி. செயலாளர் அவன்தான். தேதி போட்டு, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்டுக் கோப்பில் செருகினான்.

மெர்டேக்கா எனும் சுதந்திர நாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நாடே ஆளுக்கொரு கொடியைத் தைத்துக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டு மாதத்தில், காஜா பேராங்கில் இவன் ஒருவன்தான் விடுதலைக்கு வழி தெரியாமல் திண்டாடினான்.

கலைமகள் ஆடல் பாடல் நாடகக் கல்லூரி என்பது ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறை. மாணவர்கள் இருபது பேர். பெரும்பாலும் பகலில் எங்காவது வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்கள். இருபது பேருக்கு மூன்று மன்றங்கள்: நாடக மன்றம், இசை மன்றம், நடன மன்றம். கல்லூரித் தலைவர் பொன்னுதுரை வாத்தியாருக்குக் கலை ஒரு கண் என்றால் சட்டதிட்டம் இன்னொரு கண். எதற்கும் கூட்டம் போட வேண்டும், கை தூக்க வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

மெர்டேக்கா தினத்தன்று மாலை கோயில் திடலில் நாடக மன்றம் ஒரு நாடகம் போடுவதாக ஏற்பாடு. போரில் மகனைப் பறிகொடுத்த அரசனின் கதை. வாத்தியாரே எழுதியது. அந்த அரசன் வேஷத்தின் மேல்தான் நல்லையாவுக்கு உயிர். மகனின் உடலைப் பார்த்து அரசன் புலம்பும் இடத்தை அவன் எப்போது பேசிக்காட்டினாலும் வகுப்பே வாயடைத்துப் போகும். சிலர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். மனசு இளகினவர்களால் அதைத் தாங்க முடியவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் நாடக மன்றத்தின் ஒன்பதாவது விதி குறுக்கே நின்றது. ‘பதவியில் இருப்பவர் மேடையில் வேஷம் கட்டக்கூடாது.’

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பிப்ரவரியில் அவன் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அந்த விதி நிறைவேறியது. அதே கூட்டத்தில், அவன் இல்லாமலேயே, அவனைச் செயலாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அரிசிக் கடையில் மூட்டைகளுக்குப் பெயர் எழுதுகிறவன் அவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். திரும்பி வந்ததும் அந்த விதியைக் குறிப்பேட்டில் அழகாக எழுதிவைத்ததும் அவனேதான். பதவி கிடைத்த பூரிப்பில் அப்போது அதன் பொருள் மண்டையில் ஏறவில்லை.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. குருபோங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவும் அப்பா அப்பாசாமிக்கு, தான் அரசனாக நடிக்கப்போவதாக ஜூன் மாதமே எழுதிவிட்டான். பதில் வந்திருந்தது.

‘தோட்ட ஆபீஸ் கிராணியாரிடம் சொல்லி லோரி கேட்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு பேர் வருகிறோம். கிராணியாரும் வருகிறார். நாடகம் நாடகம் என்று நீ பட்டணத்தில் உட்கார்ந்திருப்பதைப் பலபேர் பலவிதமாகப் பேசுகிறார்கள். அன்றைக்கு உன்னை மேடையில் பார்த்தால் அவர்கள் வாயை மூடலாம். பார்க்காவிட்டால் நீயும் அதே லோரியில் ஏறி வந்துவிடு. உனக்கும் சீவ ஒரு நிரை மரம் கேட்டு வைத்திருக்கிறேன்.’

நல்லையா கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வாத்தியாரிடம் போனான்.

“சார், நான் செயலாளர் பதவிய விட்டுடறேன். எனக்கு ராஜா வேசம் குடுங்க.”

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“தாராளமா விடலாம் தம்பி. ஆனா பொதுக்கூட்டம் ஏத்துக்கணுமே. ஏழு நாள் முன்னாடி செயலாளர் அறிக்கை குடுக்கணும்.”

“செயலாளர் நான்தானே சார்.”

“அப்ப நீங்கதான் குடுக்கணும்.”

கொடுத்தான். பன்னிரண்டு உறுப்பினருக்கும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். பதினேழாம் தேதி கூட்டம். குறைந்தது ஒன்பது பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். எண்ணிப்பார்த்தால் ஒன்பது பேர் சரியாக இருந்தார்கள். நல்லையாவுக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கருணாகரன் எழுந்தான்.

“ஒரு தே குடிச்சிட்டு வந்துடறேன். ரெண்டே நிமிசம்.”

கீழே அலாவுதீன் காக்காவின் தேநீர்க் கடைக்குப் போன கருணாகரன் திரும்பி வரவேயில்லை. எட்டுப் பேரோடு கூட்டம் கலைந்தது. ராஜா வேஷத்துக்கு அடுத்தபடியாகப் பெயர் அடிபட்டவன் கருணாகரன்தான். வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று நல்லையா மனசுக்குள் திட்டினான்.

அடுத்த கூட்டத்துக்கு அவன் ஒரு யோசனை செய்தான். நடன மன்றத்திலிருந்தும் இசை மன்றத்திலிருந்தும் ஆறு பேரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி நாடக மன்றத்தில் சேர்த்தான். இனி ஒருவர் தே குடிக்கப் போனாலும் கூட்டம் நிற்காது.

இருபத்துநான்காம் தேதி கூட்டம் நிறைந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி, நடன மன்றத்து சிவகாமசுந்தரி, முதல் ஆளாக எழுந்தாள்.

“இவ்வளவு நாளா ஆளுக்கொரு பக்கமா இருந்த நம்ம மூணு மன்றத்தையும் ஒண்ணாச் சேத்தவரு நல்லையா அண்ணன். அதனால மூணு மன்றத்துக்கும் அவரே செயலாளரா இருக்கணும்னு முன்மொழியுறேன்.”

“அய்யோ, என் ராஜினாமா,” என்றான் நல்லையா.

“அது நாடக மன்றத்துக்கு எழுதினதுதானே தம்பி,” என்றார் வாத்தியார். “இது மூணு மன்றத்துக்கும் சேர்த்து. புதுசா எழுதணும்.”

பதினேழு கைகள் உயர்ந்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல, ஒரு பதவியை விடப் போனவன் மூன்று பதவியோடு வெளியே வந்தான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லோரியின் முன்னிருக்கையில் கிராணியாரும், பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு அம்மா பூங்காவனமும் வந்து இறங்குவது கண்முன்னே வந்து நின்றது. அம்மா எல்லோருக்கும் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டு, மேடையில் ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். 

மறுபடியும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். பதினான்காவது விதியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ‘கூட்டத்தில் தலைமையை அவமதிப்பவர் அக்கணமே பதவியை இழப்பார்.’ இதற்கு அறிக்கையும் வேண்டாம், ஏழு நாளும் வேண்டாம்.

இருபத்தெட்டாம் தேதி, மேடை அலங்காரம் பற்றிப் பேச வாத்தியார் தலைமையில் கூடிய கூட்டத்தில் நல்லையா மேசையை ஓங்கி அடித்தான். தே கோப்பைகள் துள்ளின. தன்னை உயிராய் நடத்துகிற மனிதரைப் பார்த்து இப்படிப் பேச அவனுக்கு நாக்கூசியது. இருந்தாலும் நாற்பத்திரண்டு பேரை நினைத்துக்கொண்டு பேசினான்.

“சார், ஒங்களுக்கு நாடகமும் தெரியாது, நடிப்பும் தெரியாது. ஒங்க சட்டத்தத் தூக்கி ஆத்துல போடுங்க.”

 வாத்தியார் முகம் வெளிறியது. பதவி போயிற்று என்று நல்லையாவுக்குக் கண்ணீரும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. அப்போது மன்றத் தலைவி ருக்மணி எழுந்தாள்.

“மூணு நாள்ல நாட்டுக்கே சொதந்திரம் வரப்போகுது. மனசுல பட்டத நேருக்கு நேரா சொல்ற இந்த மாதிரி ஆளுதான் நமக்குத் தலைவரா வேணும். நான் தலைவர் பதவிய அவருக்கு விட்டுத் தரேன்.”

“இது அவமதிப்பு இல்லியா?” என்று நல்லையா பதறினான்.

“அவமதிக்கப்பட்டவன் நான்தானே,” என்றார் வாத்தியார் குரல் தழுதழுக்க. “எனக்கு ஒண்ணும் தோணல தம்பி. பெருமையாத்தான் இருக்கு.”

யாரோ மாலைகூட வாங்கி வைத்திருந்தார்கள். செயலாளர் வேலைக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை அதையும் தலைவரே பார்த்துக்கொள்வதென்றும் தீர்மானமாயிற்று. பதவி போனதால் ருக்மணிக்கு அன்றைக்கே ராணி வேஷம் கிடைத்தது. இதற்காகத்தான் இத்தனை நாடகமும் ஆடினாளா என்று நல்லையா மாலையும் கழுத்துமாக நினைத்துக்கொண்டான். உலகத்தில் யாரையும் நம்புவதற்கில்லை.

மெர்டேக்கா தினம் விடிந்தது. தெருவெல்லாம் தோரணம். மாடியில் கடைசி ஒத்திகை நடந்தது. கருணாகரன் அரசனாகப் புலம்பும் சத்தம் கீழே அலாவுதீன் காக்கா கடைவரை கேட்டது. நல்லையா அந்தக் கடையின் மூலை மேசையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். லோரி இந்நேரம் தோட்டத்திலிருந்து புறப்பட்டிருக்கும்.

காக்கா அவன் கேட்காமலேயே ஒரு தே கொண்டுவந்து வைத்தார். முப்பது வருஷமாக அந்த இடத்தில் கடை வைத்திருப்பவர். மாடியில் நடப்பது எல்லாம் கீழே இருந்தே தெரிந்துகொள்கிறவர்.

“குடிங்க தம்பி. ஆறிடும்.”

“என்னத்தக் குடிக்கிறது காக்கா. அப்பாகிட்ட என்ன சொல்வேன்? எங்கம்மா முன்னால நின்னு தேடுவாங்க. நாளைக்கு நான் மரம் சீவப் போயிடுவேன். எல்லாம் அந்தப் பாழாப்போன ஒன்பதாவது விதியால.”

“மனச விடாதீங்க தம்பி. தலைவர்னு மேடையில ஒக்கார வைப்பாங்கல்ல.”

“ஒக்காந்து என்ன செய்ய? என் நடிப்ப யாரும் பாக்கலியே. நீங்களாவது பாருங்க காக்கா. ஒரே ஒருக்கா. மகன் பொணத்தப் பாத்து ராஜா அழுவுற எடம்.”

நல்லையா மேல்துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு நடுக்கடையில் வந்து நின்றான். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தான். கோப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவசரமாக எழுந்து வெளியே போனார்கள். காக்கா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தம்பி, பிப்ரவரி மாசம் இதே எடத்துல நீங்க இத நடிச்சுக் காட்டிட்டு ஊருக்குப் போன மறுநாள்தான், எல்லாரும் இங்கயே ஒக்காந்து அந்த ஒன்பதாவது விதியப் போட்டாங்க, மன்றத்துல இல்லாத நானே ரெண்டு கையையும் தூக்கினேன்.”