ஒன்பதாம் மாடியில் பாப்பாவை யார் எழுப்புவது?

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா கல்லூரி விடுதியில் ஒன்பதாம் மாடியில் தனியறை கேட்டு விண்ணப்பித்துவிட்டாள். இது இன்று காலை உறுதியானது. தகவலைத் தந்தவர் பாப்பாவின் அம்மா. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து அச்சுக்குக் கொடுப்பது என் தொழிலில் இல்லை என்பதால் பாப்பாவிடமும் கேட்டேன். பல் தேய்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பிறகு கணினியில் கல்லூரியின் பக்கத்திலும் பார்த்தேன். பச்சை எழுத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது என்று அதன் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பொடி எழுத்தில் போடுகிறவர்கள் பொய் சொல்வதில்லை என்பது என் அனுபவம்.

முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும், பதற்றத்தில் முந்திக்கொண்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? இங்கே பாப்பா நலம், அவள் அம்மா நலம். என் நிலைமை மேலே படிக்கப் படிக்க உனக்கே தெரிந்துவிடும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் பாப்பா காதில் விழும். விழித்திருக்கும்போது அவளுக்குக் காது அவ்வளவு கூர்மை. அதனால் இதை உங்கள் ஊருக்குப் பத்திரிகைக் கட்டு ஏற்றிவரும் எங்கள் வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை வியாழன் காலையில் உன் கையில் இருக்கும்.

என் பயம் இதுதான். பாப்பா தூங்கினால் எழமாட்டாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று நீ சொல்வாய். இல்லை அக்கா. மற்ற பிள்ளைகள் தாமதமாக எழுகிறார்கள், இவள் எழுவதே இல்லை, எழுப்பப்படுகிறாள். போன வருடம் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே குழாய் பதிப்பதற்காகச் சாலையை இயந்திரம் வைத்து உடைத்தார்கள். அலமாரியிலிருந்த டம்ளர்கள் தாமாக நகர்ந்து விளிம்புவரை வந்துவிட்டன. பாப்பா தூங்கினாள். பரீட்சையன்று காலை நான் ஒரு தோளையும் அவள் அம்மா இன்னொரு தோளையும் பிடித்து உட்கார வைத்தோம், உட்கார்ந்தபடி தூங்கினாள். ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தபோது ‘தேங்க்ஸ்’ என்றாள், அதுவும் தூக்கத்தில். இந்தப் பிள்ளைதான் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஒரு கதவுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒன்பது மாடி உயரத்தில், தனியாகத் தூங்கப் போகிறது. நானோ தீ, வெள்ளம், கட்டடம் சரிந்தது என்று எழுதியே வயதைக் கழித்தவன். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள், பால்கனியைப் பார்ப்பார்கள். எனக்குத் தலைப்புதான் தெரியும். எத்தனை பத்தியில் வரும் என்பதும் தெரியும்.

போன சனிக்கிழமை விடுதிகளைச் சுற்றிப் பார்க்கப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பாப்பாவும் நானும் இரண்டு பஸ் மாறிப் போனோம். மூன்று விடுதிகள். பழைய விடுதியில் அறைக்கு நான்கு பேர், மரப்படி ஏறும்போது முனகுகிறது, குளியலறை வராந்தாவின் கோடியில். அங்கே வார்டன் அம்மா இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றார். காலையில் தானே ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். “திறக்கலைன்னா?” என்று கேட்டேன். “திறப்பாங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்கே நான் பாப்பாவை அங்கே விட்டுவிட்டு வந்திருப்பேன். பாப்பா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, இவங்க தட்டுற தட்டுல கதவு பேர்ந்து என் மேலயே விழும். வா போலாம்.” நடு விடுதியில் அறைக்கு இரண்டு பேர். அதுதான் சரி, ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி எழுப்புவாள் என்று கணக்குப் போட்டு, சுற்றிக் காட்ட வந்த மாணவியிடம், “உன் கூட இருக்கிற பொண்ணு எழுந்திருக்கவே இல்லைன்னா நீ என்னம்மா பண்ணுவே?” என்று கேட்டேன். “பாவம், தூங்கட்டும்னு விட்டுடுவேன் அங்கிள்” என்றாள். இந்தத் தகவலை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாணவி சொன்னதை வைத்து ஒரு விடுதியையே எடைபோட முடியாது.

மூன்றாவதுதான் பாப்பா கேட்டிருக்கும் புது விடுதி. கண்ணாடியும் வெள்ளைச் சுவருமாக ஆஸ்பத்திரிபோல் இருக்கிறது. அதன் மேலாளர் மீசை சரியாக முளைக்காத இளைஞர், கழுத்தில் டை. கதவு அட்டையைக் காட்டினால் திறக்கும், விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து வேறு யாராலும் திறக்க முடியாது என்று பெருமையாகச் சொன்னார்.

“தீப்பிடிச்சா?” என்றேன்.

“பிடிக்காது சார்.”

“பிடிச்சா?”

“அலாரம் அடிக்கும் சார். எல்லாரும் இறங்கிப் புல்வெளிக்கு வந்துடுவாங்க.”

“ஒருத்தி மட்டும் வரலைன்னா?”

“வந்துடுவாங்க சார்.”

“யார் சொன்னது?”

“சார், நீங்க பேரன்ட்டா, இன்ஸ்பெக்டரா?”

அலாரத்தை ஒருமுறை அடித்துக் காட்டச் சொன்னேன். என்னைத் தொலைத்தால் போதும் என்று அவர் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். வரவேற்பறையில் மட்டும் ஒலிக்கும் என்று நினைத்திருக்கிறார். ஒன்பது மாடியும் அலறியது. தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தி, மேசை விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தி, ஒற்றைச் செருப்போடு ஒருத்தி என்று படிக்கட்டு வழியாகக் கொட்டினார்கள். வெளியே தூறல். மேலாளர் ஒரே ஒரு குடையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிடிக்கப் பார்த்தார். நான் என் கைப்பேசியில் அந்தச் சத்தத்தை முழுவதுமாகப் பதிவுசெய்தேன். “எல்லாரும் வந்தாச்சான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், புல்வெளியைப் பார்த்தார், மேலே ஜன்னல்களைப் பார்த்தார். எனக்குப் பக்கத்திலேயே நுரைத் தலைப் பெண் பாப்பாவிடம், “யாரு அந்த அங்கிள், இப்படிப் படுத்துறார்?” என்று கேட்டாள். பாப்பா சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன். “தெரியலயே. யாரோட அப்பாவோ.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முன் சீட்டிலும் நான் பின் சீட்டிலும் உட்கார்ந்து வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாப்பா தூங்கினாள். பேச்சால் தீராததைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று தெருமுனை மைக்செட்காரரிடம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு வாங்கி வந்து, அவள் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். “வேண்டாங்க, புள்ள பயந்துடும்” என்றாள் அவள் அம்மா. பயந்து எழுந்தால் எனக்குச் சந்தோஷம் என்றேன். பதிவை ஓடவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வாளி நிறையத் தண்ணீரோடு வந்து, எதன் மேல் ஊற்றுவது என்று தெரியாமல் எங்கள் வாசலிலேயே ஊற்றினார். யார் வீட்டு நாயோ எங்கள் அடுக்களைக்குள் புகுந்துகொண்டது, சாயங்காலம்தான் வெளியே வந்தது. பாப்பா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அது சத்தத்தால்தானா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. போஸ்ட்மாஸ்டர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “மூச்சு இருக்கு சார்” என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் எழுந்து, விஷயம் தெரிந்ததும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

“நான் தூங்கும்போது ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டினியாப்பா?”

“வேடிக்கை இல்ல, சோதனை.”

“தையல்கார அங்கிள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்.”

“நீ உயிரோட இருக்கேன்னு சந்தோஷத்துல சிரிக்கிறார்.”

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். கோபப்படவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். “எனக்கு ஒரு கதவு வேணும்ப்பா. அவ்வளவுதான். பொறந்ததுலேர்ந்து ஹால்ல படுக்கறேன். துணி மாத்தணும்னா பாத்ரூம், அழணும்னா பாத்ரூம், போன் பேசணும்னா மொட்டை மாடி. ஒரு வருஷம், நான் சாத்துற கதவு நான் திறக்கிற வரைக்கும் சாத்தியே இருக்கட்டுமே.” அவள் அம்மா துணி மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டாள்: “விளக்கு, டிவி, உங்க ஆபீஸ் போனு, எல்லாத்துக்கும் நடுவுல தூங்கக் கத்துக்கிட்ட புள்ள. இப்ப ஏன் எழுந்திருக்க மாட்டேங்குறேன்னு கேட்டா என்ன பண்ணுவா?” இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அவள் கேட்பது நியாயம். நியாயம் என்று தெரிந்தும் அந்தக் கதவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது உன் உதவி. பாப்பா என் பேச்சைக் கேட்கமாட்டாள், அவள் அம்மா பேச்சைப் பாதி கேட்பாள், அத்தை சொன்னால் மறுபேச்சு பேசமாட்டாள். கடிதம் கிடைத்ததும் அவளுக்கு போன் செய். எதேச்சையாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, படிப்பு, புத்தகம் என்று பேச்சை வளர்த்து, இரண்டு பேர் இருக்கும் அறையே நல்லது, சேர்ந்து படிக்கலாம், தலைவலி வந்தால் மாத்திரை எடுத்துத் தர ஆள் இருக்கும் என்று சொல். தீ என்ற சொல்லை மட்டும் எடுக்காதே, எடுத்தால் நான் எழுதியது தெரிந்துவிடும். இந்த வீட்டில் அவள் எப்படித் தூங்கினாலும் எனக்குக் கவலை இருந்ததில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்க்கும் நாட்களில்கூட நான் இருக்கிறேன், குண்டூசி விழுந்தால் எழுந்துவிடுகிறவன். அங்கே நான் இருக்கமாட்டேனே அக்கா.

மாமாவுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு என் அன்பு. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு எழுந்து, நல்லபடியாக இருக்கட்டும்.

உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: மேலே உள்ளதை முடித்துவிட்டு நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தேன். சாய்ந்ததுவரைதான் எனக்குத் தெரியும், மற்றது பிறர் சொன்னது. ஸ்பீக்கர் பெட்டியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பாப்பா அதை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, அதே பதிவை, நான் வைத்ததைவிட இன்னும் கொஞ்சம் கூட்டி ஓடவிட்டிருக்கிறாள். தையல்காரர் மறுபடி வந்தார். போஸ்ட்மாஸ்டர் இந்தமுறை வாளி எடுத்துவரவில்லை. நான் எழவில்லை. எழுந்தபின் இதை முழுமையாக மறுத்தேன். பாப்பா கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள். பார்த்தேன். நான்தான். அலாரம் அலறுகிறது, நான் மூக்கைச் சொறிந்துகொள்கிறேன்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாப்பாவும் சிரிக்கத்தான் இதைச் செய்திருப்பாள். ஆனால் படம் ஓடி முடிந்தபோது அவள் முகம் மாறிவிட்டது. “அம்மாவுக்கு நைட் டியூட்டி வர்றப்ப நீ தனியா இருப்பியே. உன்னை யாருப்பா எழுப்புவா?” என்றாள். நான் எழுந்துவிடுவேன் என்றேன். “யார் சொன்னது?” என்றாள். எனக்கு அந்த மேலாளர் ஞாபகம் வந்தது, பாவம். அவள் நேரே கணினிக்குப் போனாள். விடுதி வேண்டாம், வீட்டிலிருந்தே வந்துபோகிறேன் என்று குறிக்கவும் அதில் ஓர் இடம் இருக்கிறதாம். “தினம் ரெண்டு பஸ் மாறியா? பைத்தியமாடி உனக்கு?” என்று அவள் அம்மா சத்தம் போட்டாள். “யோசிச்சு சொல்றேன்மா” என்றாள் பாப்பா.

அக்கா, அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி வந்ததே என்றுதான் இப்போது மறுபடி பேனாவை எடுத்தேன். நான் தூங்குவதைக் காவல் காத்துக்கொண்டு அவள் அந்த ஹாலிலேயே இருந்துவிடுவாள். இருக்கட்டுமே என்று நான் விட்டும்விடுவேன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. வண்டி வந்ததும் போன் செய். ஒன்பதாம் மாடிதான் நல்லது, தனியறைதான் நல்லது, கதவு தானாகப் பூட்டிக்கொள்வதைப்போல் வசதி உண்டா என்று சொல். ‘உங்கப்பனை நாங்க பாத்துக்குறோம்’ என்று சொல். இரவு ஷிப்ட் நாட்களில் வந்து கதவைத் தட்டுவதாகத் தையல்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதையும் சொல். நான் எழுதியதாக மட்டும் சொல்லாதே.

காலையில் பார்த்த பச்சை எழுத்து இப்போது கணினியில் இல்லை. பாப்பா தன் விண்ணப்பத்தை எடுத்துவிட்டிருக்கிறாள், அந்த இடத்தில் ‘எதுவும் தேர்வாகவில்லை’ என்று இருக்கிறது. அவள் முடிவு என்ன என்பது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தெரிந்துவிடும்.